அட்டிலாவின் கோரைப்பற்கள்

கண்காட்சி அமைக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். எந்தச் சுவரில் எவ்வளவு எடை தொங்கவிடலாம், கண்ணாடிப் பெட்டியை எத்தனை பேர் தூக்க வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் சூப்பர்வைசர்கள் சொல்லித் தருவார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னோடு வேலை பார்த்தவர்கள், நன்றாகவே சொல்லித் தருவார்கள். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றை. ஷார்ஜாவில் இதே வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். அதில் செய்த தப்புகளில், இப்போது நினைத்தாலும் தனியாக உட்கார்ந்து சிரிக்க வைக்கிற தப்பு ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

என் பெயர் சூசை. குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரன். ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடம் முன்பு, ராஸ் அல் கைமாவில் ஓர் அரங்கத்துக்கு ஹங்கேரி நாட்டிலிருந்து ஒரு கண்காட்சி வந்தது. அட்டிலா என்ற ராஜாவைப் பற்றியது. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கும் முன்னால் வாழ்ந்தவர். ஹூணர்கள் என்ற நாடோடிக் கூட்டத்தின் தலைவர். குதிரையிலேயே சாப்பிட்டு, குதிரையிலேயே பேச்சு வார்த்தை நடத்திய கூட்டம் என்று சொல்கிறார்கள். ரோம சாம்ராஜ்யத்தின் இரண்டு பாதிகளும் இந்த மனிதரைக் கண்டு நடுங்கி, படையெடுத்து வராமல் இருக்கப் பொன் கொடுத்திருக்கின்றன.

கண்காட்சிக்கு ஐந்து அறைகள். பழைய பொருள்களும் படங்களும் பெட்டிகளில் கப்பலில் வரும். நான்காம் அறையை மட்டும் நாங்கள் இங்கேயே செய்ய வேண்டும். அது அட்டிலாவின் விருந்துக் கூடம். தரையில் கம்பளம், திண்டுகள், நடுவே தாழ்வான இருக்கையில் ஆள் உயரத்துக்கு அட்டிலாவின் உருவம். வரைபடங்களும் குறிப்புகளுமாக நாற்பது பக்கத்துக்கு ஒரு கோப்பு வந்தது. நான் வரைபடங்களைப் பார்த்தேன். அளவுகளைப் பார்த்தேன். எழுத்தாக இருந்த பக்கங்களை ராத்திரி ரூமில் படிக்கலாம் என்று வைத்தேன். படிக்கவில்லை.

உருவத்தைச் செய்ய என்னிடம் ஓர் ஆள் இருந்தான். செல்வம், மதுரைக்காரன். ஹெல்பர் விசாவில் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. ஊரில் பொருட்காட்சிகளில் பேய் மாளிகை போடுவார்களே, அதற்கு ஃபைபரில் பேய்கள் செய்தவன். கை அப்படி ஒரு கை. இவனைச் சுமை தூக்க விடுவது பாவம் என்று எங்கள் கம்பெனி மேனேஜரிடம் நான்தான் வாதாடினேன். மேனேஜர் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒன்றையும் சொல்லி வைத்தார். "சூசை, இந்த ஒரு வேலையப் பாக்கிறேன். சொதப்பினான்னா ப்ரொபேஷன் ஆறு மாசம் முடிஞ்சதும் ஊருக்கு டிக்கெட்தான்."

நான் செல்வத்திடம் போய், எங்கள் ஊர் வழக்கப்படி மக்களே என்று கூப்பிட்டு, இவ்வளவுதான் சொன்னேன்: "மக்களே, ஒலகத்தையே நடுங்க வெச்ச ராஜாவாக்கும். பாத்தா பயம் வரணும், கேட்டியா."

"பயம்தானண்ணே, விடுங்க. நம்ம ஏரியா," என்றான்.

பத்து நாளில் முடித்துவிட்டான். உருட்டி விழிக்கிற இரண்டு கண்கள். முறுக்கிய மீசை. உதட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கோரைப்பற்கள். பர் துபாய் மீனா பஜாருக்கு நானே போய் ஜரிகைப் பட்டு வாங்கி வந்து அங்கி தைக்கக் கொடுத்தேன். தலையில் கிரீடம், கையில் தங்கநிறக் கோப்பை. வொர்க்ஷாப்பில் எல்லாரும் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்று பார்த்தார்கள். பெயிண்டர் ஒருவன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திறப்பு விழாவுக்கு முந்தைய நாள் அதைப் பிக்கப்பில் ஏற்றினோம். டிரைவர் ஜமால் பாய், பாகிஸ்தானில் சுவாத் பக்கத்துப் பட்டாணியர். ஆறடி உயரம், எதற்கும் அசையாத மனிதர். கண்ணாடியில் பின்னால் ஒருமுறை பார்த்தார். வண்டியை ஓரம் கட்டினார். இறங்கிப் போய்த் தன் சால்வையால் அட்டிலாவின் முகத்தை மூடிக் கட்டிவிட்டு வந்தார். "பாய், இது பின்னாடி பாத்துக்கிட்டே இருந்தா நான் எப்படி ஓட்டுவேன்," என்றார் இந்தியில். அப்போதாவது எனக்கு ஏதாவது உறைத்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை ஏழு மணி. சாயங்காலம் ஐந்து மணிக்குத் திறப்பு. நான்கு அறைகள் தயார். ஐந்தாம் அறை மட்டும் பாக்கி, அதற்கான பெட்டி அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தது. ஐந்தாம் அறை அட்டிலாவுக்குப் பிறகு என்ன மிஞ்சியது என்பதைப் பற்றியது. பழைய வாளோ, குதிரைச் சேணமோ இருக்கும் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே போட்டோக்கள். சட்டம் போட்ட முப்பது போட்டோக்கள். ரொட்டிக் கடைக்காரர் ஒருவர். பஸ் டிரைவர் ஒருவர். தொட்டிலில் ஒரு குழந்தை. வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு, பல் தெரியச் சிரிக்கிற ஒருவர். எல்லாரும் இந்தக் காலத்து மனிதர்கள். வேறு யாருடைய பெட்டியோ நம்மிடம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

கண்காட்சியின் பொறுப்பாளர் காத்தலின் என்ற ஹங்கேரிப் பெண்மணி. அன்று காலைதான் துபாயில் இறங்கி, டாக்ஸியில் எங்களிடம் வந்துகொண்டிருந்தார். போன் போட்டேன்.

"மேடம், பெட்டி மாறி வந்திருக்கு. யாரோட குடும்பப் போட்டோவோ இருக்கு."

"மாறலை சூசை. அவங்க எல்லாரும் அட்டிலாதான்."

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னார். அட்டிலா இறந்ததும் பிள்ளைகள் ராஜ்யத்துக்காக அடித்துக்கொண்டார்கள். அடங்கியிருந்த இனங்கள் எழுந்தன. சில வருடத்தில் ராஜ்யம் இருந்த இடம் தெரியவில்லை. அவரைப் புதைத்த இடம்கூட இன்றுவரை யாருக்கும் தெரியாது. மிஞ்சியது பெயர்தான். "எங்க நாட்டில் பிள்ளைக்கு ஆசையா வைக்கிற பேர் அது. எந்தத் தெருவில் கூப்பிட்டாலும் ஒருத்தர் திரும்பிப் பார்ப்பார். வெள்ளைக் கோட்டில் ஒருத்தர் இருக்காரா? அவன் என் தம்பி. பல் டாக்டர்."

நான் போனைக் காதில் வைத்தபடியே நான்காம் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கதவு திறந்திருந்தது. காலை வெளிச்சத்தில் இரண்டு கோரைப்பற்களும் பளபளவென்று மின்னின.

இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். இப்படி ஒரு நொடி உங்களுக்கும் வரும். மனசு உடனே கணக்குப் போடும். அவர் வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. அதற்குள் பல்லை மட்டும் அறுத்துவிடலாம். அல்லது, குறிப்பில் தெளிவாக இல்லை என்று சொல்லலாம். அல்லது, புது ஆள் சொன்னதைக் கேட்காமல் செய்துவிட்டான் என்று சொல்லலாம். மூன்றும் எனக்குத் தோன்றின, மறைக்க மாட்டேன்.

ஆனால் கூடவே ரூவியும் ஞாபகம் வந்தது. வளைகுடாவுக்கு வந்த புதிதில் மஸ்கட்டில், ரூவியில் கடைகளுக்கு போர்டு மாட்டுகிற வேலையில் இருந்தேன். ஒரு துணிக்கடை போர்டில் அரபி எழுத்து ஒன்றின் மேல் இருக்க வேண்டிய புள்ளியை விட்டுவிட்டோம், அர்த்தமே மாறிவிட்டது. மாட்டி முடித்து ஏணியிலிருந்து இறங்கும்போதே பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. கடைக்காரர் தானாக நான்காவது நாள் கண்டுபிடித்தார். அதற்குள் தெருவே அதைப் படித்துச் சிரித்திருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. "உனக்கு எப்போ தெரியும்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். அதன் பிறகு அவர் கடை வழியாக நடப்பதையே விட்டுவிட்டேன். சுற்றிக்கொண்டு போவேன்.

அதனால் போனிலேயே சொன்னேன். "மேடம், ஒரு தப்பு நடந்திருக்கு. நீங்க வந்து பாக்கிறதுக்கு முன்னாடி சொல்லிடறேன். உங்க குறிப்ப நான் படிக்கல. ராஜாவப் பேய் மாதிரி பண்ணச் சொல்லிட்டேன். பல்லு வெச்சிருக்கு."

"எப்படிப்பட்ட பல்?"

"கோரைப்பல்லு."

"வர்றேன்," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

வந்தார். ஐம்பது வயதிருக்கும், சிறிய உருவம், முதுகில் பெரிய பை. பையைக்கூட இறக்காமல் நேராக நான்காம் அறைக்குப் போனார். நான் பின்னால் போனேன். செல்வம் சுவரோரமாக நின்றான். அட்டிலாவுக்கு முன்னால் போய் நின்றவர், கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிக்கிறார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். போனை எடுத்துப் படம் பிடித்துத் தம்பிக்கு அனுப்பினார். ஒரு நிமிடத்தில் பதில் வந்தது. எங்களுக்கும் காட்டி, இங்கிலீஷில் சொன்னார்: "ரெண்டு பல்லையும் இலவசமா எடுத்துத் தர்றேன், ஆளை அனுப்பி வைன்னு எழுதியிருக்கான்."

அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதைத் திறக்க முடியாது சூசை. இப்படி ஒரு அட்டிலாவைத்தான் எல்லாரும் ஏற்கெனவே பார்த்திருக்காங்க. நான் வந்ததே வேற ஒருத்தரைக் காட்டத்தான்," என்றார்.

செல்வம் முகம் சுண்டிப் போயிருந்தது. "பயங்கரமா வேணும்னு நீங்கதானண்ணே சொன்னீக," என்றான் மெதுவாக.

"நான்தாம்ல சொன்னேன்," என்றேன். அதையே காத்தலின் மேடத்துக்கும், அங்கே நின்ற அரங்க மேனேஜருக்கும் கேட்கும்படி இங்கிலீஷில் இன்னொரு தடவை சொன்னேன். "இவன் மேல தப்பு இல்ல. நான் கேட்டத இவன் செஞ்சான்." உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவன் கையில் மறுபடி கருவியைக் கொடுக்க வேண்டுமென்றால், முதலில் அவன் தலைமேல் இருப்பதை இறக்க வேண்டும். இல்லாவிட்டால் கை நடுங்கும்.

மேடம் கம்பளத்தில் உட்கார்ந்துகொண்டு கதை சொன்னார். நான் தமிழில் செல்வத்துக்குச் சொன்னேன். ரோம சாம்ராஜ்யத்தின் கிழக்குப் பாதியிலிருந்து தூது போன ஒருவர், அட்டிலாவின் விருந்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, பார்த்ததை எழுதி வைத்திருக்கிறார். வந்தவர்களுக்கு வெள்ளித் தட்டு, பொன்னிலும் வெள்ளியிலும் கோப்பைகள். அட்டிலாவுக்கு மட்டும் மரத்தட்டு, மரக்கோப்பை. தட்டில் வெறும் இறைச்சி. உடுப்பிலும் ஒரு அலங்காரம் இல்லை, சுத்தமாக மட்டும் இருந்தது. கோமாளி வந்து ஆடியபோது கூடமே உருண்டு சிரித்தது. அட்டிலாவின் முகம் அசையவில்லை. கடைசிப் பிள்ளை உள்ளே வந்தபோதுதான் மாறியது. அவனைக் கன்னத்தைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்து, கனிவாகப் பார்த்தாராம்.

"அந்த முகம்தான் வேணும்," என்றார் மேடம். "நம்ம வாசலுக்கு நேரா அவர் உட்கார்ந்திருக்கார். யார் உள்ளே வந்தாலும், தன் பிள்ளை வந்த மாதிரி பார்க்கணும். எல்லாம் பதினாலாம் பக்கத்தில் இருக்கு."

செல்வம் போய்க் கிரைண்டரை எடுத்துக்கொண்டான்.

பற்கள் போக இரண்டு நிமிடம்தான் ஆனது. மீதியெல்லாம் பெரிய வேலை. ஐந்தாம் அறைப் போட்டோக்களை மாட்ட மற்ற ஆட்களை விட்டேன். பக்கத்துக் கார் கராஜில், பள்ளம் நிரப்பிப் பூசுகிற பட்டி வாங்கி வந்தோம். கிரீடம் இறங்கியது. ஜரிகை அங்கியை என்ன செய்வதென்று நான் விழித்தபோது, செல்வமே அதைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பினான். மண்நிற லைனிங் துணி. எளிமையாக, சுத்தமாக, அத்தனை அழகாக இருந்தது. மரக்கோப்பைக்கு நானும் ஜமால் பாயும் கிளம்பினோம். நான்கு கடைகளில் மாஃபி, இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். ஐந்தாவது ஒரு மலையாளி மளிகைக்கடை. விற்க ஒன்றும் இல்லை என்றார் கடைக்காரர். ஆனால் கல்லாவுக்குப் பின்னால், அவர் தன் சாப்பாட்டுக்கு உப்பு வைத்திருந்த மரக்கிண்ணம், மரவை என்பார்கள், ஒன்று என் கண்ணில் பட்டது. யாருக்கு, எதற்கு என்று முழுக் கதையையும் கேட்டார். ஒரு ராஜா மரப் பாத்திரத்தில் சாப்பிட்டார் என்றதும், உப்பைக் காகிதத்தில் கொட்டிவிட்டு, மரவையைத் துடைத்துக் கொடுத்தார். "கண்காட்சி கழிஞ்ஞா திருப்பித் தரணும், கேட்டோ," என்றார்.

திரும்பி வந்தபோது மணி இரண்டரை. மூக்கு, உதடு, தாடை எல்லாம் வந்துவிட்டது. கண் வரவில்லை. செல்வம் குட்டி ஏணியில் உட்கார்ந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பயம் காட்டுற கண்ணு எனக்குத் தூக்கத்துல வரும். இது வர மாட்டேங்குது. எத்தன தடவ செஞ்சாலும் தூங்கி எந்திரிச்சவன் மாதிரியே இருக்கு."

அரங்க மேனேஜர் வாசலில் வந்து நின்று, "கலாஸ்? யல்லா, யல்லா," முடிந்ததா, சீக்கிரம் என்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். எனக்கும் செல்வத்தை விரட்டத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். "மக்களே, கீழ எறங்கு. பத்து நிமிஷம் எதையும் தொடாத. சாயா குடிப்போம்," என்றேன். இரண்டரை மணி நேரத்தில் பத்து நிமிடத்தைத் தூக்கிக் கொடுக்க எனக்கு மனசே வரவில்லை. இன்றைக்கும் சொல்கிறேன், அந்த நாளில் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

பின்வாசலில் நின்று சாயா குடித்தோம். ஜமால் பாய் பிக்கப்பின் பின்பலகையில் உட்கார்ந்து, ஊரில் இருக்கிற கடைசி மகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவருக்கு ஆறு பிள்ளைகள். இந்தக் குட்டிக்கு நான்கு வயது. அவள் ஏதோ பஷ்தூவில் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரித்தார் என்றும் சொல்ல முடியாது. அந்தப் பெரிய முகத்தில் வாய் அசையவே இல்லை. கண்ணுக்குக் கீழே மட்டும் ஏதோ இளகி நின்றது.

செல்வத்தின் சாயா கோப்பை பாதியில் நின்றுவிட்டது. "அண்ணே, அவரப் போன வைக்க வேணாம்னு சொல்லுங்க," என்றான் காதோடு. நான்கடி தள்ளி நின்று, ஒரு பத்து நிமிடம் அந்த முகத்தையே பார்த்தான். உள்ளே ஓடினான்.

நாலரைக்கு முடித்தான். காத்தலின் மேடம் வாசலில் வந்து நின்று பார்த்தார். உள்ளே போய், அட்டிலாவின் அங்கியில் தோள் பக்கம் இருந்த ஒரு சுருக்கத்தை நீவிவிட்டார். ஒருவர் சட்டையைச் சரிசெய்வதுபோல. பிறகு செல்வத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டு பேர் கையிலும் பட்டி ஒட்டிக்கொண்டது.

முகத்தில் பெயிண்ட் இன்னும் முழுதாகக் காயவில்லை. அதனால் கம்பளத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் தாண்டாமல் பார்த்துக்கொள்ள நானே பக்கத்தில் நின்றேன். ஐந்து மணிக்குப் பெரியவர்கள் வந்தார்கள். தலைமை விருந்தினர் எண்பதைத் தாண்டிய ஓர் எமிராத்தி, இந்த நாட்டுக்காரர். வெள்ளைக் கந்தூரா அங்கி, கையில் பிரம்பு. முதல் மூன்று அறைகளையும் மரியாதைக்காகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான்காம் அறை வாசலில் நின்றுவிட்டார். அட்டிலா அவரைப் பார்த்தார், அவர் அட்டிலாவைப் பார்த்தார். விருந்தாளிகளுக்கு வைத்திருந்த வெள்ளித் தட்டுகள்மேல் அவர் கண் போனது. அப்புறம் மரவைக்குப் போனது. மேடம் விளக்கம் சொல்ல வாயெடுத்தார். பெரியவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"தெரியும்மா," என்றார் அரபியில். இருபது வருடத்துக்கு மேல் கேட்ட மொழி, எனக்கே புரிந்தது. "கூடாரத்தில் இருக்கிறவன் வழக்கம் இது. நல்லது வந்தவனுக்கு. என் அப்பா இப்படித்தான் உட்கார்ந்திருப்பார்."

சொல்லிவிட்டுப் பிரம்பால் கயிற்றை அழுத்தித் தாழ்த்தி, தாண்டப் போனார்.

அரங்க மேனேஜர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. தடு என்கிற பார்வை. விதி என்னவோ அதுதான். ஆனால் காயாதது முகம் மட்டும், கம்பளத்தில் உட்காருகிறவர் கை அங்கே எட்டாது. கம்பளத்துக்கு அடியில் பலகை மேடை அடித்தது என் ஆட்கள், இருபது பேரைத் தாங்கும். ஒரு மனிதர் விருந்தாளியாக உள்ளே வருகிறார். நான் குனிந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டேன்.

பெரியவர் காலணியைக் கழற்றிவிட்டுத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததும் கூட வந்தவர்களும் உட்கார்ந்தார்கள். காத்தலின் மேடமும் உட்கார்ந்தார். வாசல் கூடத்தில் கஹ்வா என்கிற அரபிக் காப்பியை ஊற்றிக்கொண்டிருந்தவர், தன் செம்புக் கூஜாவோடு இங்கேயே வந்துவிட்டார். பேரீச்சம்பழம் வந்தது. அட்டிலாவின் கூடம் நிஜமாகவே விருந்துக் கூடம் ஆகிவிட்டது. ஐந்தாம் அறைக்குப் போக வேண்டும் என்ற நினைப்பே யாருக்கும் இல்லை.

"இவரைச் செய்தது யார்?" என்று கேட்டார் பெரியவர்.

மேடம் கையைக் காட்டினார். தூணுக்குப் பின்னால் நின்றிருந்த செல்வம் இன்னும் கொஞ்சம் பின்னால் போனான். பெரியவர் தன் பக்கத்துத் திண்டைத் தட்டினார். "போ மக்களே, கூப்பிடுறாரு," என்று நான் தள்ளிவிட்டேன். பட்டி அப்பிய வேலை உடுப்போடு போய்க் கூனிக் குறுகி உட்கார்ந்தான். அவன் கையில் சின்னக் கோப்பையைக் கொடுத்து கஹ்வா ஊற்றினார்கள்.

இந்த ஊரில் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்டினால்தான் போதும் என்று அர்த்தம். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். தங்குகிற கேம்ப்பை விட்டால் வொர்க்ஷாப், வொர்க்ஷாப்பை விட்டால் கேம்ப் என்று ஐந்து மாதம் இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும். கொடுத்ததைக் குடிக்காவிட்டால் மரியாதை இல்லை என்று, அந்தக் கசப்பை மடக் மடக்கென்று குடித்தான். மூன்று, நான்கு, ஐந்து. ஆறாவதில் அவன் கண் என்னைத் தேடியது. எதற்குத் தேடுகிறான் என்று எனக்குப் புரியவில்லை, தலையாட்டினேன். வாசலில் நின்ற ஜமால் பாய்க்குத்தான் புரிந்தது. அவர் தன் பெரிய கையைத் தூக்கி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் ஆட்டி, கோப்பையை ஆட்டு, ஆட்டு என்று ஜாடை காட்டினார்.

செல்வம் அதைப் பார்த்தான். முகமெல்லாம் மலர்ந்தது. கோப்பை இல்லாத கையைத் தூக்கி, அவனும் சந்தோஷமாக அவருக்கு ஆட்டிக் காட்டினான். ஏழாவது கோப்பை நிரம்பியது.